முந்நூற்று அறுபது நெல்

மஞ்சப்பை டீச்சர் போய்விட்டார்.

மெல்போர்னில் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் செய்தி வந்தது. ‘ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க. பொழுதோட எடுக்கறாங்க.’ கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒன்று போட்டேன். பிறகு காரில் போய் உட்கார்ந்தேன். வண்டியை எடுக்கக் கை வரவில்லை.

நம் பள்ளி மலருக்கு விளையாட்டு விழா பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். மலர்க் குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது டீச்சரைத் தவிர வேறு எதையும் எழுத எனக்கு வராது.

அவருடைய நிஜப் பெயரை நாம் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கையில் அந்த மஞ்சள் பை இல்லாமல் அவர் படியேறி நான் பார்த்ததில்லை. அதற்குள் புளியங்கொட்டை, குன்றிமணி, வேப்பங்கொட்டை, ஈர்க்குச்சி, நூல்கண்டு, வாய்க்கால் கரையில் பொறுக்கிய வெங்கச்சாங்கல் எல்லாம் இருக்கும். பாடப் புத்தகம் மட்டும் அதில் இருக்காது. அது மேசை மேலேயே கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் அதைத் திறந்து, ‘காலையில நாம செஞ்சது இதுல எங்க இருக்குன்னு தேடுங்க பாக்கலாம்’ என்பார். நாம் தேடிக் கண்டுபிடிப்போம். மற்ற வகுப்புகளில் புத்தகம் முதலில் வரும். இரண்டாம் வகுப்பில் அது கடைசியில் வந்தது.

பத்து ஈர்க்குச்சியை எண்ணி வாழைநாரால் கட்டினால் அது ஒரு ‘பத்து’. கட்டாத குச்சிகள் ‘ஒன்று’கள். 23 என்றால் இரண்டு கட்டும் மூன்று உதிரியும். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவது என்பது ஒரு கட்டின் நாரை அவிழ்ப்பதுதான். நார் அவிழும்போது விரலில் படும் அந்த ஈரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என் மகள் இங்கே பள்ளியில் கழித்தல் புரியாமல் அழுதுகொண்டு வந்த நாளில், கடையில் விற்கும் பல்குச்சிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி அவள் முன்னால் வைத்தேன். ஒரே மாலையில் பிடித்துக்கொண்டாள்.

எடை பார்க்க இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு சோளத்தட்டு, நூல். ஆளுக்கு ஒரு தராசு செய்தோம். பத்துப் புளியங்கொட்டைக்கு எத்தனை குன்றிமணி ஈடாகும் என்று நிறுத்துப் பார்த்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு விடை வந்தது. எது சரி என்று டீச்சர் சொல்லவே இல்லை. ‘ஒன்னும் போடாம தராச மொதல்ல தூக்கிப் பாரு, நேரா நிக்குதா?’ என்று மட்டும் கேட்டார். பாதித் தராசுகள் நேராக நிற்கவில்லை. நூல் முடிச்சைத் தள்ளித் தள்ளிச் சரிசெய்தோம். ஆய்வகத்தில் இன்றும் காலையில் முதல் வேலையாகத் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவரும்போது எனக்கு அந்தச் சோளத்தட்டு ஞாபகம் வரும்.

களிமண்ணில் ‘ழ’ செய்தது, கொடிக்கம்பத்தின் நிழலுக்கு மணிக்கொரு கோடு கிழித்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியை, கை வேலை வழியாக அறிவு வர வேண்டும் என்ற அந்த எண்ணத்தை, டீச்சரின் பயிற்சிப் பள்ளி அவருக்கு ஊட்டியிருக்க வேண்டும். நம் பள்ளிப் பரணில் கிடந்த தக்ளிகளைத் தூசி தட்டி எடுத்துவந்து நூற்கச் சொல்லித் தந்தவரும் அவர்தான். பருத்திக் காடும் தறியும் சூழ்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நூல் எப்படிப் பிறக்கிறது என்று அதில்தான் தெரிந்தது.

நான் சொல்ல வந்தது நெல் எண்ணிய நாளை.

1974, தை நோம்பி முடிந்த வாரம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷம், வீட்டுக்கு வீடு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், நெல் கிடந்தது. கடையில் கிலோவும் லிட்டரும் வந்து பல வருஷமாகியும் வீட்டில் ஆத்தாமார்கள் படியிலும் வள்ளத்திலும்தான் அளந்தார்கள். டீச்சர் கரும்பலகையில் பழைய வாய்ப்பாட்டை எழுதினார். 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஒரு ஆழாக்கு. 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு நாழி, அதாவது படி.

‘செவிடுன்னா காது கேக்காதுங்களா டீச்சர்?’ என்று முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்.

‘இது அளவு, கண்ணு. அத்தனை சின்ன அளவு. நாம எண்ணியே பாத்துரலாம்.’

வகுப்பில் 36 பேர். ஆளுக்குப் பத்து நெல் எண்ணினால் 360. கணக்கு அவருக்கு அப்படி வாய்த்திருந்தது. ஆனால் 36 பேரும் ஒரே நாளில் வருவது எப்போது? ஒருவன் ஆடு மேய்க்கப் போவான், ஒருத்திக்குச் சீக்கு, ஒருவன் ஒறம்பரை (உறவினர்) வீட்டில் இருப்பான். மூன்று நாள் காத்திருந்தார். வராதவனுடைய பத்தைத் தான் எண்ணுவதாக ஒரு பையன் முன்வந்தபோது, ‘அவன் பத்தை அவன்தான் எண்ணோணும்’ என்று சொல்லிவிட்டார். நாலாம் நாள் ஒருத்திதான் பாக்கி. வீட்டில் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். டீச்சரே நேரில் போய் அவள் அம்மாவிடம் பேசி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் விரலில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

சாணி மெழுகிய தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். நடுவில் முறத்தில் நெல். அதன் பக்கத்தில் டீச்சர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஆழாக்கு. ஒரு சுற்றுக்கு ஆளுக்குப் பத்து எண்ணிப் போட வேண்டும். ஐந்து சுற்றில் ஐந்து செவிடு. வாய்ப்பாடு சொல்கிறபடி ஆழாக்கு நிரம்ப வேண்டும்.

பத்து நெல் எண்ணுவது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. ஏழு வயது விரலுக்கு நெல் வழுக்கும், சுணை அரிக்கும். பதரையும் எண்ணலாமா என்று ஒரு சண்டை வந்தது. பதரை ஒதுக்குவது என்று நாங்களே முடிவுசெய்தோம். டீச்சர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சுற்று முடிந்ததும் ஆழாக்கை வட்டத்தில் சுற்றிவிட்டார். ஆளாளுக்கு எட்டிப் பார்த்தோம். அடி மறைந்திருந்தது, அவ்வளவுதான். 360 என்பது இவ்வளவு கொஞ்சமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு பெரிய எண்ணை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

மூன்றாம் சுற்றில் நான் ஏழு வரை எண்ணியிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் எழுந்தபோது அவன் முழங்கால் என் கையில் இடித்தது. நெல் சிதறித் தரை வெடிப்புக்குள் போய்விட்டது. ஆழாக்கு எனக்கு இரண்டு பேர் தள்ளி வந்துகொண்டிருந்தது. முறத்தில் கையை விட்டு ஒரு சிட்டிகை அள்ளி, எண்ணாமல், ஆழாக்கு வந்ததும் போட்டுவிட்டேன்.

‘எண்ணிட்டயா கண்ணு?’

‘எண்ணிட்டனுங் டீச்சர்.’

ஐந்து சுற்றும் முடிந்தது. ஆழாக்கில் பாதிகூட வரவில்லை. டீச்சர் அதைச் சாய்த்து எல்லோருக்கும் காட்டினார். ‘வாய்ப்பாடு ஒன்னு சொல்லுது, ஆழாக்கு ஒன்னு சொல்லுது. எதுனால இருக்கும்?’

நெல் சின்னது என்றாள் ஒருத்தி. வாய்ப்பாடு தப்பு என்றான் ஒருவன். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: ‘யாரோ சரியா எண்ணலீங் டீச்சர்.’

என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.

‘அப்படிச் சொல்லக் கூடாது சாமி’ என்றார் டீச்சர். ‘எம்புள்ளைக எண்ணாம போடமாட்டாங்க.’

அன்று அவர் என்னை அடித்திருந்தால் பத்து நாளில் மறந்திருப்பேன். பக்கத்து வகுப்பில் பிரம்பு பேசியதை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். பிரம்பைத் தொடாத அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதற்கு மேல் அவர் ஏதோ செய்தார். எதிர்க் கடையிலிருந்து வேறொரு ஆழாக்கு வந்தது, சத்துணவு அக்காவின் டப்பா வந்தது, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றினார்கள், கை தட்டினார்கள். எனக்கு எதுவும் ஏறவில்லை. ஆழாக்கு நிரம்பாததற்கு நான்தான் காரணம் என்று மட்டும் தெரிந்தது. ராத்திரி சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

(அந்த வயதில் நமக்குச் சமைத்துப் போட்ட அக்காவைச் சத்துணவு அக்கா என்று எழுதிவிட்டேன். சத்துணவுத் திட்டம் வந்தது 1982இல். நாம் சாப்பிட்டது அதற்கு முந்தைய மதிய உணவு, கோதுமை ரவை உப்புமா. பழக்கத்தில் வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும்.)

பன்னிரண்டு வருஷம் கழித்து, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விதை ஆய்வுக்கூடம். ஆயிரம் மணி எடை எடுக்கச் சொன்னார்கள். விதையை எண்ணி, நிறுத்து, குறிக்க வேண்டும். நெல்லில் சன்ன ரகம் என்றால் ஆயிரம் மணி 15, 16 கிராம் வரும். மோட்டா ரகம் 25 கிராமும் அதற்கு மேலும் போகும். எழுதிக்கொண்டே இருந்தவன் பென்சிலைக் கீழே வைத்தேன். 5 செவிடு என்பது 1,800 நெல். மோட்டா ரகமாக இருந்தாலும் 45, 50 கிராமுக்குப் பக்கத்தில்தான் வரும். வீட்டு ஆழாக்கு 200 மில்லி அளவுக்குப் பிடிக்கும். நிரம்ப வாய்ப்பே இல்லை. என் சிட்டிகையில் நாலு நெல் குறைந்ததோ கூடியதோ, அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. வாய்ப்பாட்டின் நாழி வேறு, நம் ஊர்ப் படி வேறு. ஊருக்கு ஊர் படி மாறிய நாட்டில்தான் 1956இல் எடையளவுச் சட்டம் கொண்டுவந்து மெட்ரிக் முறைக்கு மாற வேண்டியிருந்தது. இரண்டு ஆழாக்கையும் டப்பாவையும் மாற்றி மாற்றி ஊற்றி டீச்சர் அன்று காட்டியது இதைத்தான். வகுப்பில் 35 பேர் அதைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது வாசலில் உட்கார்ந்து 1,800 நெல்லையும் தனியாக எண்ணினேன். அம்மாவின் ஆழாக்கில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ‘படிச்ச புள்ள நெல்ல எண்ணிட்டு உக்காந்திருக்குது’ என்று அப்பாரு வெசனப்பட்டார். டீச்சர் வீடு அங்கிருந்து இரண்டு வீதி தள்ளி. அந்த ஆழாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு வேலை, கல்யாணம், 1994இல் விசா.

2008இல் பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். முகம் சுருங்கியிருந்தது, குரல் அதேதான். அப்போது மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்த புதிது. வகுப்பில் பாட அட்டைகளும், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படங்களும் வைத்திருப்பதைப் பேத்தி சொன்னாளாம். ‘ரொம்ப நல்லது. ஆனா அட்டையில நெல்லுப் படம் போட்டிருக்காங்க சாமி. எதுக்கால இருக்கற காட்டுல நெல்லே இருக்குதல்ல?’ என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஆதங்கத்தை வேறு எந்தக் கல்வியாளரிடமும் நான் பார்த்ததில்லை.

‘நீ எங்க இருக்கற?’

‘ஆஸ்திரேலியாவுலங் டீச்சர். தானிய ஆய்வகத்துல.’

‘அங்க நெல்லு வெளையுதா?’

‘ரிவெரினான்னு ஒரு பக்கம் இருக்குதுங், அங்க வெளையுது.’

‘எண்ணுவீங்களா?’

‘மெஷின் எண்ணிருமுங். நெலமையப் பாத்து கையாலயும் எண்ணுவோம்.’

தலையை ஆட்டிச் சிரித்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். மேடையிலிருந்து போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். ‘போய்ட்டு வா கண்ணு, நான் இங்கதான் இருப்பேன்’ என்றார். திரும்பி வந்தபோது யாரோ அவரைக் காரில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

எனக்கு இந்த நாடு நிறையத் தந்திருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வீதி நடக்க வேண்டியதைப் பதினாறு மணி நேர விமானமாக மாற்றிக்கொண்டவன் நான்தான்.

அன்று சாயங்காலம், இங்கே நடுராத்திரி, நம் வகுப்பில் ஒருவன் கூப்பிட்டான். அன்று முழங்காலால் இடித்தவன்தான். அது அவனுக்குத் தெரியாது. ‘எடுத்தாச்சு. நம்ம செட்டுல ஒம்பது பேரு இருந்தோம். வாய்க்கரிசி போட்டோம்’ என்றான். கொஞ்சம் நிறுத்தி, ‘உனக்குஞ் சேத்து நானே ஒரு கை போட்டுட்டேன், வெசனப்படாதே’ என்றான். நன்றி சொன்னேன். அவன் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

டீச்சரிடம் சொல்லியிருக்க வேண்டியதை, அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்த மற்ற 35 பேரில் இந்த மலர் கைக்குக் கிடைப்பவர்களிடம் சொல்கிறேன். மூன்றாம் சுற்றில் நான் எண்ணவில்லை.