ஏ2 போதும் என்று முடிவு செய்த கதை

பற்களை வெண்மையாக்கிக்கொள்ளச் சென்றபோது, கிடைப்பதிலேயே வெளுத்த நிறம் வேண்டும் என்பதைத் தவிர என் மனத்தில் வேறு எண்ணம் இருக்கவில்லை. மருத்துவர் முதலில் பல்லின் நிறத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் வீட்டா நிற அளவுகோலை எடுத்து, அதிலுள்ள 16 மாதிரிகளை என் முன்பல்லுக்கு அருகே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். அதில் ஏ வரிசை செம்பழுப்பு, பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல் சாயல் கொண்டவை. ஒவ்வொரு வரிசையிலும் எண் கூடக்கூட நிறம் அடர்ந்துகொண்டே போகும். என் வெட்டுப்பற்கள் ஏ3.5, கோரைப்பற்கள் ஏ4 என்று குறித்துக்கொண்டார். கோரைப்பல் இயல்பாகவே சற்று அடர்ந்த நிறம் கொண்டது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நான் கேட்டது அவற்றில் மிக வெளுத்த பி1. அவர் மறுக்கவில்லை, அந்த மாதிரியை என்னிடமே கொடுத்து, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, என் கண்ணின் வெண்பகுதியோடு ஒப்பிடச் சொன்னார். மாதிரி என் கண்ணைவிட வெளுப்பாக இருந்ததால், முகத்தில் பல் மட்டும் தனியே தெரிந்தது. ஏ2-ஐப் பிடித்தபோது அந்த உறுத்தல் இல்லை. மாதிரியை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் ஏமாந்துவிடும், சில நொடிகள் பார்த்துவிட்டுப் பார்வையைச் சாம்பல் நிறப் பரப்பில் ஆறவிட வேண்டும் என்றும் அவர் கூறினார். உதட்டுச் சாயத்தின் நிறமும் கண்ணை ஏமாற்றும் என்பதால்தான் அதைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

வீட்டில் இரவுதோறும், என் பல்வரிசைக்கு அளவெடுத்து உறைபோலச் செய்த ட்ரேயில், பல்லை வெளுக்கவைக்கும் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஜெல் இட்டு அணிந்தேன். நான்காம் நாள் குளிர்ந்த நீர் பட்டதும் பல் சுரீரென்று கூசியது. இரண்டு இரவுகள் இடைவெளி விட்ட பின் அது தணிந்தது. ட்ரேயைக் கழற்றியவுடன் கண்ணாடியைப் பார்த்து மகிழ்ந்ததுதான் நான் செய்த பிழை. ஈரம் வற்றிய பல் தற்காலிகமாகக் கூடுதல் வெளுப்பாகத் தோன்றும் என்பதை அறியாமல், இலக்கைத் தாண்டிவிட்டேன் என்று அஞ்சி ஓரிரவு தூக்கமும் இழந்தேன். மறுநாள் மாலையில் பார்த்தபோது நிறம் பழைய நிதானத்துக்கு வந்திருந்தது. அதன் பிறகு, உமிழ்நீரில் நன்றாக நனைந்திருக்கும் நேரத்தில் மட்டுமே ஒப்பிட்டேன்.

எனக்கிருந்த பெரிய சிக்கல், ஒரு பக்கப் பல்லின் குழியை நிரப்பியிருந்த பழைய அடைப்பு. ஜெல் அதன் நிறத்தை மாற்றாது என்பதால், சுற்றிலும் பல் வெளுக்க வெளுக்க அது மட்டும் மஞ்சள் புள்ளியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. உடனே மாற்றிவிடக் கேட்டேன். வெண்மையாக்கி முடிந்து இரண்டு வாரமாவது போக வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் புதிய அடைப்பைச் சரியாக ஒட்டவிடாது, நிறமும் அதற்குள் சற்று இறங்கி நிலைபெறும் என்று மருத்துவர் விளக்கினார். காத்திருந்த பின் மீண்டும் அளந்தபோது வெட்டுப்பற்கள் ஏ2-இல் நின்றிருந்தன. அடைப்பும் அதே நிறத்தில் அமைந்தது. கோரைப்பற்கள் இன்னும் ஒரு படி அடர்ந்தே இருக்கின்றன. அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.