அது இல்லாட்டில் என்ன நடக்கும்?

செடியின் பாகங்கள் எவை என்று கேட்டால் எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே மூச்சில் ஒப்புவிப்போம்: வேர், தண்டு, இலை, பூ, காய், வித்து. வேர் உறிஞ்சும், தண்டு தாங்கும், இலை உணவு தயாரிக்கும். படம் கீறி, அம்புக்குறி போட்டு, பெயர் எழுதினால் முழுப் புள்ளி. எட்டாம் வகுப்பில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்த ரீச்சர் அந்தப் பதிலைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, நல்லாப் பாடமாக்கி இருக்கிறியள். இப்ப ஒவ்வொண்டாய் எடுத்துப்போட்டுப் பாப்பம். அது இல்லாட்டில் என்ன நடக்கும்?" என்றார்.

உயர்தரம் முடியும்வரை அவரிடம்தான் தாவரவியல் படித்தோம். அவருடைய ஆய்வுகூடத்தில் ஒரு பாகத்தின் வேலையை அறிய ஒரே வழி அதை அகற்றுவது, மூடுவது, அல்லது மறைப்பது. இன்று நான் கண்ணாடி வீட்டுப் பயிர்களோடு வேலை செய்கிறேன். ஒரு தட்டு நாற்று வாடிக் கிடந்தால் இப்போதும் முதலில் கேட்பது ரீச்சரின் கேள்வியைத்தான். சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு எங்கள் பழைய மாணவர் சங்கத்தார் எழுதியபோது வேறு எதையும் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

வேரில் தொடங்கினோம். ஒரே அளவான கத்தரி நாற்றுகள் இரண்டு. ஒன்றை மண்கட்டியோடு கிண்டி எடுத்து வேறு சாடியில் நட்டோம். மற்றதன் வேரைக் கழுவி, ஒற்றுத்தாளால் நன்றாகத் துடைத்துவிட்டு நட்டோம். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். மத்தியானத்துக்குள் இரண்டாவது நாற்று தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. வேர் முறியவில்லை, தண்ணீருக்கும் குறைவில்லை. அப்படியென்றால் நாங்கள் எதைத்தான் அகற்றினோம்?

பதிலை ரீச்சர் வாயால் சொல்லவில்லை. ஈரத்தாளில் முள்ளங்கி வித்துகளைப் போட்டு மூடி வைக்கச் சொன்னார். முளைவேர் வந்ததும் திறந்து பார்த்தால் அதைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ நின்றது. பாதி வகுப்பு பூஞ்சணம் என்றது. கைவில்லையால் பார்க்கச் சொன்னார். வேரின் நுனி மொட்டையாக இருந்தது. அதற்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, குட்டையானதில் இருந்து நீளமானதாக, ஒழுங்காக வரிசை கட்டி நின்றன வேர்மயிர்கள். ஒவ்வொன்றும் வேரின் மேல்தோலில் உள்ள ஒரே ஒரு கலத்தின் நீட்சி. மண்துணிக்கைகளுக்கு நடுவே புகுந்து நீரையும் கனியுப்புகளையும் பெரும்பாலும் எடுப்பவை இவைதாம். அதிக காலம் வாழாது. நுனி வளர வளரப் பழையன உதிர, புதியன முளைக்கும். எங்கள் ஒற்றுத்தாள் துடைத்து எறிந்தது இவற்றைத்தான். நாற்றை இடம் மாற்றிய பிறகு இரண்டொரு நாள் நிழலில் வைப்பதன் காரணமும் இதுதான்: புது வேர்மயிர் வரும்வரை இலைகள் இழக்கும் நீரைக் குறைக்க வேண்டும்.

ஒரு செடிக்கு எத்தனை வேர்மயிர் என்று எண்ணிப் பார்த்த ஒருவரும் இருக்கிறார். டிற்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பெட்டியொன்றில் நான்கு மாதம் வளர்ந்த ரை என்னும் தானியச் செடி ஒன்றே ஒன்றை மண்ணைக் கழுவி எடுத்து அளந்தார். 1937இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி வேர்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய 620 கிலோமீற்றர். வேர்மயிர்கள் சுமார் 1,400 கோடி. ரீச்சர் இந்த எண்ணைக் கரும்பலகையில் பூச்சியங்களோடு எழுதிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். நாங்கள் துடைத்த அந்தக் கத்தரி நாற்றை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

மொட்டையாக இருந்த நுனிக்கும் வேலை உண்டு. அதை மூடியிருக்கும் வேர்மூடி, மண்ணைத் துளைத்துச் செல்லும் நுனியைக் காக்கிறது. கீழே எது என்று அறிவதும் அதுவே. அதன் கலங்களுக்குள் இருக்கும் மாப்பொருள் மணிகள் பாரத்தால் அடியில் தங்கும். வேரைச் சரித்தால் மணிகளும் இடம் மாறும், வேர் வளைந்து மீண்டும் கீழ்நோக்கும். மணிகளின் சங்கதி தெரியாத காலத்திலேயே சார்ள்ஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் நுனியை வெட்டிவிட்டு வேரைக் கிடையாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வேர் வளர்ந்தது, ஆனால் வளையவில்லை. புது நுனி உண்டான பிறகுதான் வளைந்தது. 1880இல் வந்த அவர்களின் நூலில் இது இருக்கிறது. ரீச்சருக்கு டார்வினைப் பிடித்ததற்கு இந்த வெட்டிப்பார்க்கும் குணமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தண்டு வகுப்புக்குக் காசித்தும்பை வேண்டும் என்பார். அதன் தண்டு ஒளி ஊடுபுகும் அளவுக்குக் கண்ணாடித்தன்மையானது. வேரை அலசி, சிவப்பு மை கலந்த தண்ணீரில் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோடுகள் தண்டின் வழியே ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். குறுக்கே வெட்டினால் தண்டு முழுவதும் சிவக்கவில்லை. வட்டமாகச் சில புள்ளிகள் மட்டும். அந்தப் புள்ளிகள்தான் காழ்க் கலன்கள். அவை இறந்த கலங்களால் ஆன வெறுங்குழாய்கள். இறந்தவை எப்படித் தண்ணீரை உயர்த்தும்? ஜெர்மானியரான ஸ்ட்ராஸ்பேர்கர் 20 மீற்றருக்கு மேல் உயரமான மரத்தை அடியில் வெட்டி நஞ்சுக் கரைசலில் நிறுத்தினார். தண்டின் கலங்களைக் கொன்றுகொண்டே நஞ்சு மேலே ஏறியது. அப்படியானால் தண்டு தள்ளவில்லை. மேலேயிருந்து இலைகள் இழுக்கின்றன. உலகின் மிக உயரமான மரம், ரெட்வூட் என்னும் கலிபோர்னிய மரம், 115 மீற்றரைத் தாண்டி நிற்கிறது. அத்தனை உயரத்துக்கும் நீர் ஏறுவது, உச்சியிலுள்ள இலைகள் நீரை ஆவியாக விடுவதாலும் நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதாலும்தான்.

கீழ்நோக்கி வரும் பாதை வேறு. அதைக் காட்டச் செவ்வரத்தைக் கிளையொன்றில் பட்டையை மட்டும் வளையமாகச் சுரண்டி எடுத்தோம். இலைகள் வாடவில்லை, ஏனென்றால் காழ் உள்ளே அப்படியே இருந்தது. சில கிழமைகளில் வளையத்துக்கு மேல் விளிம்பு தடித்துப் புடைத்தது. இலை செய்த வெல்லத்தைக் கீழே கொண்டுபோகும் உரியம் பட்டையோடு போய்விட்டதால் சரக்கு அங்கேயே தேங்கிவிட்டது. இத்தாலிய மருத்துவர் மல்பீகி 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார். அடிமரத்தில் இப்படிச் சுற்றிவரச் சீவினால் வேர் பட்டினியாகி மரம் மெல்ல மெல்லச் சாகும். அதே தடிப்பில் ஈர மண்ணை வைத்துக் கட்டினால் வேர் வரும். கிளையில் பதி வைப்பவர்கள் செய்வதும் இதுதான். அப்புறம் உச்சியரும்பைக் கிள்ளும் பாடம். உச்சியில் உண்டாகிக் கீழே இறங்கும் ஒட்சின் என்னும் ஓமோன் நின்றதும், அதுவரை இலைக் கக்கங்களில் உறங்கிக் கிடந்த அரும்புகள் கிளைவிடும். இதை நான் இப்போது நாள் முழுக்கச் செய்கிறேன்.

உருளைக்கிழங்கு தண்டுதான் என்பதற்கு அவர் காட்டிய சான்று அதன் 'கண்கள்'. ஒவ்வொரு கண்ணும் கணுவில் இருக்கும் அரும்பு, அவை சுருளாக ஒழுங்கில் அமைந்திருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாகும். வத்தாளையில் கணு இல்லை, அது வேர். மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் வேர் ஆகிவிடாது.

இலைப் பாடத்தை ஒரு பழங்கதையோடு தொடங்கினார். வன் ஹெல்மொன்ற் என்பவர் 200 இறாத்தல் உலர்மண்ணில் 5 இறாத்தல் வில்லோக் கன்றொன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் 169 இறாத்தலுக்கு மேல் நிறுத்தது. மண்ணில் குறைந்ததோ வெறும் 2 அவுன்ஸ். 1648இல் அச்சான இந்த முடிவை வைத்து, மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் எண்ணினார். "மிச்சம் எங்கையிருந்து வந்தது?" என்று ரீச்சர் கேட்டபோது எங்களில் யாரும் காற்றைச் சொல்லவில்லை. காபனீரொட்சைட்டு இலைக்குள் நுழைந்து, வெளிச்சத்தின் சக்தியால் நீரோடு சேர்ந்து வெல்லமாகிறது என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். அந்த மரத்தின் உலர்நிறையில் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது என்று அன்றுதான் உறைத்தது.

பிறகு வாஸ்லின் சோதனை. ஒத்த அளவான நாலு இலைகள். ஒன்றுக்கு ஒன்றும் பூசுவதில்லை, ஒன்றுக்கு மேற்புறம், ஒன்றுக்கு அடிப்புறம், கடைசிக்கு இருபுறமும். காம்பு நுனியையும் பூசி அடைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பூசாத இலை முதலில் சுருண்டது. மேற்புறம் பூசியதும் ஏறக்குறைய அதே வேகத்தில் பின்தொடர்ந்தது. அடிப்புறம் பூசியது பசுமையாகவே நின்றது. வாசல் அடியில்தான் இருக்கிறது என்று ரீச்சர் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அந்த வாசலைக் கண்ணால் பார்த்தது ரியோ என்னும் அலங்காரச் செடியின் இலையில். அதன் அடிப்புறம் ஊதா. இலையைச் சரிவாகக் கிழித்தால் மெல்லிய தோல் உரிந்து வரும். அதை ஒரு துளி நீரில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஊதாக் கலங்களின் பரப்பில் ஆங்காங்கே பச்சையாகச் சோடி சோடியாகக் காவற்கலங்கள், நடுவில் இலைவாய். உப்புக் கரைசலை ஓரத்தில் விட்டு, மறுபுறம் ஒற்றுத்தாளால் இழுத்தோம். காவற்கலங்கள் நீரை இழந்து தளர, பிளவு கண்முன்னே மூடிக்கொண்டது. வேர் எடுக்கும் நீரில் 90 வீதத்துக்கும் மேல் இந்த வாய்களால் வெளியேறிவிடுகிறது. காபனீரொட்சைட்டை உள்ளே விடத் திறந்தால் நீர் போகும், நீரைக் காக்க மூடினால் உணவுத் தயாரிப்பு நிற்கும். செடி நாள்தோறும் எடுக்கும் இந்த முடிவை நேரில் பார்த்தவர்களுக்கு, இலை வெறும் பச்சைத் தகடாக மறுபடி தோன்றாது. நீரில் மிதக்கும் ஆம்பல் இலைக்கு இந்த வாய்கள் மேற்புறத்தில் என்பதையும் அன்றே பார்த்துவிட்டோம்.

பூவுக்குச் செவ்வரத்தை. புல்லி, அல்லி என்று கழற்றி ஒற்றுத்தாளில் ஒட்டினோம். மகரந்தம் தரும் ஆண்பாகமான கேசரங்களின் இழைகள் எல்லாம் ஒன்றாகி ஒரு குழாயாக நிற்கும். அந்தக் குழாயைச் சவர அலகால் நெடுக்காகக் கீறினால் உள்ளே பெண்பாகத்தின் தம்பம் நூலாக ஓடும், நுனியில் ஐந்து குறிகள், அடியில் ஐந்து அறைச் சூலகம். மகரந்தம் குறியில் விழுந்தால் ஒரு நுண்குழாயை வளர்த்துக்கொண்டு அந்த நீளம் முழுவதும் இறங்கிச் சூல்வித்தை அடைய வேண்டும். இந்த மகரந்தத்தை நீக்கிப் பார்த்தவர் ஜெர்மனியின் கமராரியஸ். ஆமணக்கின் ஆண்பூக்களை விரியுமுன் அகற்றினார், முளைக்கக்கூடிய வித்து ஒன்றும் வரவில்லை. சோளப் பொத்தியின் நூல்களை வெட்டினார், மணி பிடிக்கவில்லை. அந்த நூல் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குரிய தம்பம். செடிகளிலும் ஆண் பெண் உண்டு என்பதை 1694இல் அவர் எழுதிய கடிதம் இப்படித்தான் நிறுவியது. இந்தப் பாடத்தில் மட்டும் வகுப்பில் ஒரு சிரிப்புச் சத்தம் ஓடும். ரீச்சர் அதைக் கண்டுகொள்ளாமல் முடியும்வரை அமைதியாக விளக்குவார். அந்த மரியாதை எங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

காயைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. சூலகம் முதிர்ந்தால் காய், சூல்வித்து முதிர்ந்தால் வித்து, அவ்வளவுதான். முளைக்கும் நாற்றுக்கு உணவு தரும் வித்திலையில் மறுபடி பிடித்துக்கொண்டார். முளைத்த அவரைகளில் சிலவற்றின் ஒரு வித்திலையையும், சிலவற்றின் இரண்டையும் கிள்ளச் சொன்னார். இரண்டும் போன நாற்று நகமளவு இலைகளோடு அப்படியே நின்றுவிட்டது. முதல் இலைகள் நன்றாக விரிந்த பிறகு கிள்ளியவற்றுக்கோ ஒரு குறையும் இல்லை. ஒரே பாகம், நாலு நாள் முன்பின், பதில் வேறு.

உயர்தர வகுப்பின் கடைசிப் பாடத்துக்கு, பாகங்கள் குறைந்த செடிகளையே கொண்டுவந்தார். இந்த முறை எடுத்துப்போட்டது நாங்கள் அல்ல. குருவிச்சைக்கு மண்ணில் வேர் இல்லை, ஆனால் பச்சை இலை இருக்கிறது. வேறு மரத்தின் காழில் இருந்து முக்கியமாக நீரையும் உப்பையும் எடுத்து, உணவைத் தானே செய்கிறது. மஞ்சள் நூலாகப் படரும் கஸ்குட்டா உரியம் வரை துளைத்து வெல்லத்தையும் எடுப்பதால் இலையைச் செதிலாகச் சுருக்கிவிட்டது, வேரும் சிறு வயதோடு சரி. ரவ்லீசியாவுக்கு வேர், தண்டு, இலை எதுவுமே இல்லை. விருந்தளிக்கும் கொடிக்குள் இழைகளாக வாழ்ந்து, ஒரு மீற்றர் அளவுக்குக்கூட விரியும் பூவாக மட்டும் வெளியே வரும். நீரில் மிதக்கும் வுல்பியா ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, வேரும் இல்லை. அதுவும் பூக்கும்: ஒரு கேசரம், ஒரு சூலகம். நாலையும் கரும்பலகையில் வரிசையாக எழுதி, இல்லாத பாகங்களை எங்களையே வெட்டச் சொன்னார். வேர் வெட்டுப்பட்டது, இலை வெட்டுப்பட்டது, தண்டும் வெட்டுப்பட்டது. பூவை வெட்ட ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை.