கேரலும் தெரீஸும்

பெட்ரீசியா ஹைஸ்மித் 1952இல் கிளேர் மோர்கன் என்ற புனைபெயரில் வெளியிட்டு, 1990இல்தான் ‘கேரல்’ என்ற தலைப்பில் தம் சொந்தப் பெயரோடு மறுபதிப்புக்கு இசைந்த நாவலை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நியூயார்க் பல்பொருள் அங்காடி ஒன்றின் பொம்மைப் பிரிவில் கிறிஸ்துமஸ் நெரிசலின்போது வேலை பார்க்கும் பத்தொன்பது வயது தெரீஸ், மகளுக்குப் பரிசு வாங்க வந்த கேரலைப் பார்த்த நொடியிலேயே மனத்தைப் பறிகொடுத்து, துணிந்து அவளுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புகிறாள். அதில் தன் பெயரைக்கூட எழுதாமல் பணியாளர் எண்ணை மட்டும் குறிப்பிடுகிறாள் என்பதில் அந்தப் பெண்ணின் கூச்சம் முழுவதும் தெரிந்துவிடுகிறது. (ஆசிரியரே 1948 டிசம்பரில் அப்படியொரு கடையில் வேலை பார்த்தவர்.)

இருவரும் சேர்ந்து மேற்கொள்ளும் கார்ப் பயணப் பகுதி சற்று நீளம்தான். ஆனால், விவாகரத்து வழக்குக்காகக் கணவன் அமர்த்திய துப்பறிவாளர் விடுதி அறைகளில் ஒட்டுக்கேட்டுத் திரட்டிய சான்றுகளால், மகளா காதலா என்ற நெருக்கடிக்குக் கேரல் தள்ளப்படும் பக்கங்களில் என் கண்கள் கலங்கிவிட்டன. பெண்ணைக் காதலிக்கும் பெண்களின் கதையைத் தற்கொலையிலோ ஓர் ஆணுடனான திருமணத்திலோ முடித்துவைப்பதே அன்றைய மலிவுப் பதிப்புகளின் வழக்கமாக இருந்த நிலையில், இருவரையும் நம்பிக்கையோடு வாழவிட்டதற்காகவே ஹைஸ்மித்துக்கு வாசகர்களிடமிருந்து நன்றிக் கடிதங்கள் குவிந்தனவாம்; எழுதியவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருப்பேன்.