டுவேயும் அதன் உறையும்: முழுதாகக் காயாத ஒரு கதை

வாத்தின் மென்சிறகான தூவியை நிரப்பித் தைத்த டுவே என்ற போர்வையை முதன்முறையாக வீட்டிலேயே துவைத்த நாளில், காலை முதல் மாலை வரை வெயிலில் கிடந்ததைத் தொட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்துவிட்டது என்று மடித்து அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கதவைத் திறந்தபோது மழையில் நனைந்த நாயின் வாடை முகத்தில் அடித்தது. மேல்துணி மொறமொறவென்று காய்ந்திருந்ததே தவிர, உள்ளே இருந்த தூவி உருண்டை உருண்டையாகத் திரண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்க்க வழியில்லாத ஒரு பொருளைக் கையாள்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

டுவே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தூவி என்றே பொருள். வாத்தின் மேல்சிறகுகளுக்கு அடியில், தண்டு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் பஞ்சுபோல் படர்ந்திருக்கும் அந்த மெல்லிய பகுதிக்குத் தமிழில் இத்தனை பொருத்தமான பழஞ்சொல் இருப்பது எனக்கு மகிழ்ச்சி. இன்று அதே பெயரில் பாலியஸ்டர் இழை, கம்பளி, பட்டு, பருத்தி ஆகியவற்றை நிரப்பிய போர்வைகளும் கிடைக்கின்றன. எது நிரம்பியிருந்தாலும் குளிரைத் தடுப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான். அதனால் கனமான டுவேதான் கதகதப்பானது என்று எடையை வைத்து முடிவு செய்ய இயலாது. டாக் என்ற அளவு இதற்காகவே ஏற்பட்டது: 4.5 டாக் வெப்பமான மாதங்களுக்கும், 10.5 இடைப்பட்ட பருவத்துக்கும், 13.5 கடுங்குளிருக்கும் ஏற்றவை. வாங்கும்போது தையலையும் கவனிக்கலாம். மேல்துணியையும் அடித்துணியையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த இடங்களில் நிரப்பு ஏதும் இல்லாததால் அந்தக் கோடுகளின் வழியே குளிர் இறங்கும். இரண்டு துணிகளுக்கும் இடையே சின்னச் சின்னத் துணிச்சுவர்கள் வைத்துக் கட்டங்களாகத் தைத்திருந்தால் அந்தக் குறை இருக்காது.

காற்றை நம்பி இயங்கும் பொருளுக்கு ஈரம்தான் முதல் பகை. உறங்கும்போது உடலிலிருந்து வெளியேறும் வியர்வையும் ஆவியும் இரவு முழுவதும் போர்வைக்குள் ஏறுகின்றன. எழுந்தவுடன் படுக்கையைச் சீராக விரித்து மூடிவிடுவது பார்வைக்கு ஒழுங்காக இருக்கலாம், ஆனால் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைப்பதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. டுவேயைக் கால்மாட்டுப் பக்கமாகப் புரட்டிப் போட்டு, சன்னலைத் திறந்து, காலை உணவு முடியும் வரையாவது ஆறவிட வேண்டும். தூசுப் பூச்சிகள் நம் தோலிலிருந்து உதிரும் துகள்களைத் தின்று ஈரக்காற்றில் பெருகுபவை என்பதால், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தச் சிறிய வழக்கம் கூடுதலாகவே உதவும்.

டுவேயைத் துவைக்கும் தேவையை ஏறக்குறைய இல்லாமல் ஆக்குவதற்குத்தான் உறை இருக்கிறது. வாரம் ஒருமுறை, மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உறையைத் துவைத்துவந்தால், உள்ளிருக்கும் டுவேயை ஆண்டுக்கு ஒருமுறை துவைத்தாலே போதும். பருத்தி உறை என்றால், துணியோடு வரும் குறிப்பு அனுமதிக்கும் பட்சத்தில், 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது தூசுப் பூச்சிகளைக் கொன்றுவிடும். இயந்திரத்தில் போடுவதற்கு முன் உறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, பொத்தான்களை மறக்காமல் போட்டுவிட வேண்டும். வாய் திறந்த உறை, இயந்திரத்துக்குள் கூடச் சுற்றும் அத்தனை துணிகளையும் விழுங்கிவிடும். மூலையில் பந்தாகச் சுருண்டு ஈரமாகவே கிடந்த காலுறைகளையும் கைக்குட்டைகளையும் நான் எத்தனையோ முறை உருவி எடுத்திருக்கிறேன். புதிய பருத்தி உறை முதல் சலவையில் சற்றுச் சுருங்கும் என்பதால், டுவேயின் அளவுக்கு இம்மி பிசகாமல் பொருந்தும் உறையை வாங்குவது பிறகு வருத்தத்தில் முடியலாம். துணி எவ்வளவு நெருக்கமாக நெய்யப்பட்டது என்பதைக் காட்டும் இழை எண்ணிக்கையைப் பற்றிப் பெட்டியின்மேல் எழுதியிருக்கும் பெரிய எண்களை நான் பொருட்படுத்துவதில்லை. முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணி அந்த எண்ணைப் பெருக்கிக் காட்ட முடியும்.

உறை மாட்டுவதில் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. உறைக்குள் தலையை விட்டு மூலையைத் தேடும் அவதியைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. உள்பக்கம் வெளியே இருக்கும்படி உறையைக் கட்டிலின்மேல் விரித்து, அதன் வாயைக் கால்மாட்டில் வைத்து, மேலே டுவேயை மூலைக்கு மூலை பொருந்துமாறு பரப்பி, தலைமாட்டிலிருந்து இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதைப் போல இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். சுருள் கால்மாட்டை அடைந்ததும், உறையின் வாயை விரித்துச் சுருளின் இரு முனைகளையும் அதற்குள் புரட்டிச் செருகி, பொத்தானைப் போட்டு, வந்த வழியே திரும்ப விரித்தால் டுவே உறைக்குள் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் இதைக் கண்கட்டு வித்தை என்றே நினைப்பார்கள். உறையின் உள்மூலைகளில் நாடாக்கள் இருந்தால், சுருட்டுவதற்கு முன் அவற்றை டுவேயின் மூலை வளையங்களில் கட்டிவிடலாம். வளையம் இல்லையென்றால் ஓரத்தையலின்மேல் மட்டும் ஒரு துண்டு நாடாவைத் தைத்துக்கொள்ளலாம். தூவி நிரம்பிய பகுதியில் ஊசியையோ ஊக்கையோ குத்தினால் அந்தத் துளை வழியே தூவி கசியத் தொடங்கிவிடும்.

இனி டுவேயைத் துவைப்பது. பட்டும் கம்பளியும் நிரம்பியவற்றைப் பெரும்பாலும் காற்றாட விடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தூவியையும் பாலியஸ்டரையும் துவைக்கலாம், ஆனால் இயந்திரத்தின் உருளைக்குள் டுவே தளர்வாகப் புரள இடம் இருக்க வேண்டும். இருவருக்கான டுவேயை வீட்டு இயந்திரத்தில் திணித்தால் சோப்பும் முழுதாக அலசப்படாது, தண்ணீரும் முழுதாகப் பிழியப்படாது. என் முதல் தவறு அங்கேதான் தொடங்கியது. இப்போது பெரிய இயந்திரங்கள் உள்ள சலவையகத்துக்கே எடுத்துப் போகிறேன். தூவி புரதத்தால் ஆனது என்பதால், புரதக் கறையைக் கரைக்கும் நொதிகள் சேர்த்த சலவைத்தூளைத் தவிர்த்து மென்மையான திரவ சோப்பைக் கொஞ்சமாகப் பயன்படுத்த வேண்டும். வெளுப்பானும் கூடாது, துணி மென்மையாக்கியும் கூடாது, அது தூவியின்மேல் படிந்து அதை உப்பவிடாமல் செய்துவிடும்.

உலர்த்துவதற்குத்தான் உண்மையான பொறுமை தேவைப்படுகிறது. உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த வெப்பத்தில், இரண்டு மூன்று சுத்தமான டென்னிஸ் பந்துகளையும் உடன் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து உதறி, திரண்ட கட்டிகளை விரலால் பிரித்துவிட்டு மீண்டும் போட வேண்டும். தூவி டுவேக்கு இப்படிப் பல மணி நேரம் பிடிக்கும். தொட்டுப் பார்த்து ஈரத்தை அறிய முடியாது என்று அனுபவத்தில் அறிந்துகொண்டதால், துவைப்பதற்கு முன் டுவேயை எடைபோட்டுக் குறித்துக்கொள்கிறேன். காய்ந்த பிறகும் எடை பழைய நிலைக்குத் திரும்பவில்லையென்றால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பதும் உதவும்: காய்ந்த கட்டம் சீரான மங்கலாகவும், காயாத கட்டம் நடுவில் கருத்த திட்டோடும் தெரியும்.

பருவம் முடிந்து எடுத்துவைக்கும்போது, காற்று புகும் பருத்திப் பையில் தளர்வாக வைக்க வேண்டும். காற்றை உறிஞ்சி அப்பளமாக்கும் பிளாஸ்டிக் பைகள் இடத்தை மிச்சப்படுத்துகின்றன என்பது மெய்தான், ஆனால் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்த தூவி பழையபடி எழும்பத் திணறும்.

வாடை பிடித்த அந்த முதல் டுவேயை நான் தூக்கி எறியவில்லை. மறுபடி அலசி, ஒரு பகல் முழுவதும் உலர்த்தி, கட்டம் கட்டமாக விரலால் பிரித்துவிட்டதில் வாடை போயிற்று. வலது மூலையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் இன்றுவரை பிரியாத கட்டியோடு கிடக்கிறது. உறை மாட்டும் ஒவ்வொரு முறையும் அதைத் தடவித் தேடி, கால் பக்கமாக வருமாறு போட்டுக்கொள்கிறேன்.