பழந்துணி

2024 நவம்பர் 17, ஞாயிறு

அம்பாசமுத்திரம் வந்து இன்றோடு ஒரு வாரம். கோவில்பட்டியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். ராத்திரி புரண்டு படுத்தால் வீடே எழுந்துகொள்கிறது. முதல் இரண்டு நாள் அம்மா பதறி ஓடி வந்தாள், இப்போது பழகிவிட்டது.

இன்று 35 வாரம் 4 நாள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி டிசம்பர் 18. பகலெல்லாம் தூக்கம் அசத்துகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்செரிச்சலோடு முழிப்பு வந்தால் விடியும் வரை கண் மூடுவதில்லை. அந்த நேரத்தில் எழுதி வைக்கலாம் என்று தொடங்கியிருக்கிறேன்.

கோயம்புத்தூர் ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. சட்டப்படி 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். நான் ஐந்து வாரம்தான் முன்னால் எடுத்தேன். மிச்சம் 21 வாரம். கணக்குப் பார்த்தால் மே மாத நடுவில் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதென்றால் ஜூன் 18 வரை போகிறது. நடுவில் ஒரு மாதம் இடிக்கிறது. பாலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாம், நான்கு நாள் வரை கெடாது. இன்னும் முகமே பார்க்கவில்லை, அதற்குள் மே மாதத்துப் பாலுக்குக் கவலைப்படுகிறேன்.

நவம்பர் 21, வியாழன்

பாளையங்கோட்டைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தோம். தலை கீழே திரும்பிவிட்டது. நீர் அளவு சரியாக இருக்கிறது. எடை 2.6 கிலோ காட்டுகிறது, இது உத்தேசம்தான், முன்னே பின்னே இருக்கும் என்றார் டாக்டர். ரத்தம்தான் குறைவு, ஹீமோகுளோபின் 10.2. குறைந்தது 11 இருக்க வேண்டுமாம். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறேன் என்றேன். எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டார். சாயங்காலம் டீயோடு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேர விடாதாம். மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ எடுத்தால் நல்லது. இத்தனை மாதம் விழுங்கியதில் பாதி வீண். இது யாரும் சொல்லாமலே போன விஷயம், படிப்பவர்களில் யாருக்காவது உதவட்டும்.

இனிமேல் தினமும் அசைவு எண்ண வேண்டும். சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் சாய்ந்து படுத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே வரச் சொன்னார். இன்று இருபத்தைந்து நிமிஷத்தில் பத்தும் வந்துவிட்டது. ஏழாவது அசைவில் குதிகாலோ முட்டியோ, வலது விலாவுக்குக் கீழே உருண்டையாகத் தள்ளிக்கொண்டு நின்றது. விரலால் லேசாக அழுத்தினேன், உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் திரும்பவும் வந்தது. நானும் அழுத்தினேன். எண்ணிக்கை அங்கேயே விட்டுப்போய்விட்டது.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்று ராத்திரி ரயிலில் அவர் வந்தார். பெரிய பை நிறையப் பிள்ளைக்குப் புதுச் சட்டை, தொப்பி, காலுறை, மஞ்சள் நிறத்தில் ஒரு போர்வை. ஆச்சி வாசலிலேயே மறித்துவிட்டாள். "புதுத்துணி வீட்டுக்குள்ள வரப்படாது மாப்பிள்ளை. பிள்ளை பிறக்கட்டும், எல்லாம் எடுத்துக்கிடலாம்." அவர் என் முகத்தைப் பார்த்தார். பை பக்கத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது. எனக்கு முகம் வாடிப்போனது உண்மை. அந்தச் சட்டைகளைக் கையில் எடுத்துப் பார்க்கவாவது விட்டிருக்கலாம்.

மத்தியானம் ஆச்சி பெட்டியைத் திறந்து தாத்தாவின் வேட்டிகள் இரண்டை எடுத்தாள். எட்டு முழ வேட்டி, நூறு முறை துவைத்ததில் பழுத்துப்போய், கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. கரையைப் பிளேடால் கீறிக் கிழித்து ஒதுக்கினாள். கரை நூல் பிள்ளையின் தொடையை அறுக்குமாம். பிறகு விளிம்பில் ஓர் அங்குலம் கத்தரித்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சர்ரென்று ஒரே கோடாகக் கிழிந்தது. கத்தரிக்கோலால் வெட்டினால் கோணல் விழும், கிழித்தால் நூல் போகிற போக்கிலேயே போகும் என்றாள். கிழிந்த ஓரத்தில் ஆடும் நூல்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். பிள்ளையின் கால் விரலிலோ கை விரலிலோ ஒரு நூல் சுற்றிக்கொண்டால் வீங்கிப்போகும், யாருக்கும் தெரியாது, அழுதுகொண்டே கிடக்கும் என்றாள். நானும் உட்கார்ந்து உருவினேன். ஒரு வேட்டிக்குப் பன்னிரண்டு துண்டு, மொத்தம் இருபத்து நான்கு. வாசலில் நின்ற அவரையும் கூப்பிட்டு, முக்கோணமாக மடித்து எப்படிக் கட்டுவதென்று தலையணையில் கட்டிக் காட்டினாள். அவர் மூன்றாவது தடவை சரியாகக் கட்டினார்.

அம்மா அவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலசினாள். மழைக்காலம், வெயில் இல்லை. கூடத்தில் கொடி கட்டி உலர்த்தி, இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறோம். தாத்தா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இஸ்திரி சூட்டில் அந்த வேட்டியிலிருந்து ஒரு வாசம் வந்தது, சோப்பு வாசம்தான். ஆனாலும் மூக்கில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து கையேட்டைச் சரிபார்த்தார். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணை இரண்டு இடத்தில் எழுதி வைக்கச் சொன்னார், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் பெற்றாலும் வேண்டும். அவசரம் என்றால் 108.

போகும்போது ஆச்சியைப் பார்த்து, "பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கொடுத்திரணும். சேனை, சீனித்தண்ணி, தேன் ஒண்ணும் கூடாது ஆச்சி" என்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர் ஒருவர் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைப்பதுதான் சேனை. ஆச்சி பதில் பேசவில்லை.

நவம்பர் 30, சனி

டிவி முழுக்கப் புயல். ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு இங்கே தூறல்தான். ஆனால் அம்மாவுக்குப் போன வருஷ நினைப்பு வந்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி கரை புரண்டு, திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மிதந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள், அதிலிருந்து ஒரு கர்ப்பிணியை ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோனார்கள். என் தேதியும் 18. ஆஸ்பத்திரி இங்கிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல். பாளையங்கோட்டையில் சித்தி வீடு இருக்கிறது, கடைசி வாரம் அங்கே போய் இருந்துவிடலாம் என்று முடிவு. ஆச்சிதான் ஒத்துக்கொள்ளவில்லை, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டு வாசலிலிருந்துதான் கிளம்ப வேண்டுமாம்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

துணிப்பையை அடுக்கிக்கொண்டிருந்தோம். புதுச் சட்டைக்கு என்னதான் குற்றம் ஆச்சி என்று சும்மா கேட்டேன். கொஞ்ச நேரம் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள். என் அம்மாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருக்கிறான். 1962-ல், கல்லிடைக்குறிச்சியில், ஆச்சியின் தாய் வீட்டில். ஆச்சிக்கு அப்போது பத்தொன்பது வயசு. எட்டாம் மாதத்தில் யாருக்கும் தெரியாமல் மஞ்சள் பாப்ளின் துணியில் கையாலேயே ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாளாம். பிறந்த அன்றைக்கே போட்டுவிட்டாள். ஐந்து நாள் நன்றாகப் பால் குடித்தான். ஆறாம் நாள் வாயைத் திறக்க முடியவில்லை. தொட்டால் உடம்பு வில்லாக விறைத்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டான். வருமுன்னே சட்டை தைத்தாய், கண் பட்டுவிட்டது என்று மாமியார் சாகும் வரை சொல்லிக்காட்டினாளாம்.

என் அம்மாவுக்கே இது அரைகுறையாகத்தான் தெரியும்.

ஐந்து நாள் குடித்துவிட்டு ஆறாம் நாள் வாய் இறுகியது என்றதும் எனக்கு உடம்பு சில்லிட்டது. தொப்புள்கொடியை எதை வைத்து அறுத்தார்கள் என்று கேட்டேன். மருத்துவச்சி கதிர் அரிவாளால் அறுத்துச் சாம்பல் வைத்தாள் என்றாள். ஆச்சி, அது கண்ணேறு இல்லை, டெட்டனஸ், மண்ணிலும் சாணியிலும் இருக்கும் கிருமி, அரிவாளோடு தொப்புள் வழியாக உள்ளே போயிருக்கும் என்றேன். நான்காம் மாதமும் ஐந்தாம் மாதமும் எனக்குக் கையில் போட்ட ஊசி அதற்குத்தான். தாய்க்குப் போட்டால் பிள்ளைக்கும் காப்பு. 2015-ல் இந்தியாவில் பச்சைப்பிள்ளைகளுக்கு வரும் அந்த நோயை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள் என்பதையும் சொன்னேன்.

ஆச்சி என்னையே பார்த்தாள். "அப்பம் அந்தச் சட்டையால இல்லியாளா?"

"இல்ல ஆச்சி."

அறுபத்திரண்டு வருஷம். எழுந்துபோய்ப் பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா போகப்போனாள், நான் தடுத்தேன். அரிவாள் பிடித்தது ஆச்சியின் சொந்த அத்தையாம், அதை அம்மா அப்புறம்தான் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று இப்போது படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டபோது முகம் இருந்த இருப்பு, பத்தொன்பது வயசுப் பெண்ணின் முகம். சொன்னதில் தப்பில்லை என்றுதான் படுகிறது.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்று ராத்திரி வலி. பதினொரு மணிக்கு அடிவயிறு கல்லாக இறுகியது. அம்மா ஆட்டோக்காரருக்கு போன் போட்டுவிட்டாள். ஆச்சி வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், "சூட்டு வலிளா இது" என்று சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். இடது பக்கம் படுத்தேன், ஒரு மணி நேரத்தில் அடங்கியது. டாக்டர் சொன்ன கணக்கும் அதுதான். பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தாலோ படுத்தாலோ விட்டுவிடும். நிஜ வலி இடுப்பிலிருந்து முன்னால் வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், வலி கூடிக்கொண்டே போகும். தலைப்பிரசவம் என்பதால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், ஒரு மணி நேரம் தொடர்ந்து வந்தால் வரலாம். வீடு தூரம் என்றால் அதற்கு முன்னாலேயே கிளம்ப வேண்டும். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்கக் கூடாது.

பயமாக இருந்தது. வலியை விட, தயாராக இல்லை என்ற பயம்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆச்சிக்குத் தன் தம்பி கையால் சேனை வைக்க வேண்டும் என்று ஆசை. சேனை வைத்தவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அந்தக் குணம் வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தேனோ சீனித்தண்ணியோ என் பிள்ளை வாயில் படக் கூடாது, சீம்பால்தான் முதலில் போக வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சேனையெல்லாம் வேண்டாம்ளா. அந்த நர்ஸு பிள்ளை சொன்னபடியே செய்யி. தம்பி வந்து பிள்ளையைத் தூக்கட்டும், அது போதும்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சரி, அப்போ அந்தப் புதுச் சட்டைப் பை என்று இழுத்தேன். "அது வரப்படாது" என்று எழுந்துபோய்விட்டாள்.

டிசம்பர் 11, புதன்

39 வாரம். நாளை முதல் கனமழை என்று எச்சரிக்கை. சித்தப்பா காரோடு வந்துவிட்டார். ஆச்சி மறுபேச்சுப் பேசவில்லை. நெற்றியில் திருநீறு பூசி, துணிப்பையைத் தானே தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். காருக்குள் அவள் வரவில்லை, கார்த்திகைக்கு வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டுமாம்.

டிசம்பர் 13, வெள்ளி, இரவு

நேற்று தொடங்கிய மழை நிற்கவே இல்லை. ஆற்றில் வெள்ளம். அம்பாசமுத்திரத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அம்மா நாலாவது முறையாகச் சொல்கிறாள். சித்தி வீட்டுத் திண்ணையில் அகல் நிற்கவில்லை, கூடத்துக்குள்ளேயே வரிசையாக ஏற்றினோம். குனிந்து ஒன்று நான் ஏற்றினேன். நிமிரும்போது இடுப்பில் பிடித்தது.

8.52. 9.03. 9.13. 9.21. 9.29. 9.36.

அவர் கோயம்புத்தூரில் பஸ் ஏறிவிட்டார். டாக்டரிடம் பேசியாயிற்று, வரச் சொல்லிவிட்டார். இரண்டு தெரு தள்ளித்தான் ஆஸ்பத்திரி.

9.42.

வளையல்களைக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். கை வெறுமையாக, லேசாக இருக்கிறது. ஆச்சி போனில் வந்தாள். வலி எப்படி என்று கேட்கவில்லை. "துணிப்பை கையில இருக்கா?"

இருக்கு ஆச்சி.

9.48. சித்தப்பா ஹாரன் அடிக்கிறார்.