400 மீட்டர் ஓடிய பின்னும் பூஜ்ஜியம்

ஓட்டப்பாதையில் 400 மீட்டர், ஒரு முழுச் சுற்று ஓடித் தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கிறோம். இடப்பெயர்ச்சி எவ்வளவு? பூஜ்ஜியம். "அப்படியென்றால் ஓடியது வீணா?" என்று நேற்று என் மகள் கோபப்பட்டாள். அந்தக் கோபம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்தக் கேள்வி எழாமல் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால், பின்னால் திசைவேகம் (ஒரு நொடிக்கு எவ்வளவு இடப்பெயர்ச்சி என்ற கணக்கு) வரும்போது குழப்பம்தான்.

தொலைவு என்பது கடந்த பாதையின் முழு நீளம். நகர நகரக் கூடுமே தவிர ஒருபோதும் குறையாது. இடப்பெயர்ச்சிக்குப் பாதையைப் பற்றிய கவலையே இல்லை. தொடக்கப் புள்ளியிலிருந்து முடிவுப் புள்ளிக்கு ஒரு நேர்கோடு, கூடவே திசை. கிழக்கே 3 மீட்டர், பிறகு வடக்கே 4 மீட்டர் நடந்தால் தொலைவு 7 மீட்டர், இடப்பெயர்ச்சி 5 மீட்டர்.

பிறகு பூமியைப் பற்றிச் சொன்னேன். ஆறு மாதத்தில் அது சூரியனைச் சுற்றிக் கடப்பது ஏறத்தாழ 47 கோடி கிலோமீட்டர். சூரியனை நிலையாக வைத்துப் பார்த்தால் இடப்பெயர்ச்சி சுமார் 30 கோடி கிலோமீட்டர். ஓராண்டு முடியும்போது தொலைவு 94 கோடியாகிவிடும். இடப்பெயர்ச்சியோ கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும்.

அவள் நோட்டில் ஒரு வட்டம் வரைந்து, குறுக்கே அம்புக்குறி இட்டாள். "அப்பா, அந்த 30 கோடி வட்டத்தின் விட்டம்!" நான் சொல்லித்தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.