ரொட்ரிகோவின் தோட்டத்துக்கு சி-3 ரயில்

மத்ரித் அத்தோச்சா நிலையத்தில் சி-3 புறநகர் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அரான்ஹுவேத், அரண்மனையும் தோட்டங்களும் உள்ள ஊர். அதுதான் கடைசி நிறுத்தம், தூங்கிவிட்டாலும் கவலையில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'அரான்ஜூஸ்' என்று வழி கேட்டால்தான் சிக்கல். 'ஹு' தொண்டையை உரசிக்கொண்டு வரவேண்டும், அழுத்தம் கடைசி அசையில் விழவேண்டும்.

இந்தத் தோட்டங்களை மனதில் வைத்து ஸ்பானிய இசையமைப்பாளர் ஹொவாகின் ரொட்ரிகோ எழுதிய 'கான்சியெர்தோ தே அரான்ஹுவேத்', கிட்டாரும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்ட்டோ. ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும்: முதல் பகுதி 6, நடுவில் அடாஜியோ என்ற மெதுவான பகுதி 11, கடைசிப் பகுதி 5. போகும்போதே இரண்டு முறை கேட்டுவிடலாம். கேட்பதை ரயிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடப்பது இந்த ஊருக்கு வந்ததையே வீணாக்கும், காரணம் பிறகு.

முதல் பகுதியைக் கிட்டார் தனியாகத் தொடங்குகிறது. ஒரு தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். தகிட தகிட, தகிட தகிட, பிறகு தக தக தக. மொத்தம் ஆறு அட்சரம்தான், அது மாறுவதில்லை. மூன்று மூன்றாகப் பிரிப்பதா, இரண்டு இரண்டாகப் பிரிப்பதா என்பதில்தான் விளையாட்டு. தென் ஸ்பெயினின் இசை, நடன மரபான ஃபிளமெங்கோவின் உயிரே இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. மீட்டும் முறையும் அங்கிருந்து வந்ததே: ரஸ்கியாதோ. விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்து, ஒவ்வொன்றாக, நகத்தின் மேல்பக்கம் தந்தியில் படும்படி வெளியே உதற வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் மணிக்கட்டோடு சேர்த்து மொத்தக் கையையும் வீசுவார்கள். அப்போது நான்கு விரலின் நான்கு அடிகளும் ஒன்றாகக் குழைந்து, 'சர்ர்' என்று ஒரே இழுப்பாகக் கேட்கும். இன்னொரு தவறு மேடைக்காரர்களுடையது. ரொட்ரிகோ இந்தத் தொடக்கத்தை மிகத் தணிந்த ஒலியில், தூரத்தில் யாரோ வாசிப்பதுபோல எழுதியிருக்கிறார். உற்சாகத்தில் முதல் மீட்டிலேயே உரக்க ஆரம்பித்துவிட்டால் அதன்பின் ஏறுவதற்கு இடமே இருக்காது.

ரொட்ரிகோ கிட்டார் வாசிப்பவர் அல்ல, பியானோக்காரர். 1901இல் வலென்சியா பகுதியிலுள்ள சகுந்தோவில் பிறந்தார். 3 வயதில் தொண்டை அடைப்பான் நோயில் பார்வை போனது. ஸ்வரங்களை பிரெயிலில் எழுதி, பிறகு படி எடுப்பவரிடம் ஒவ்வொரு வாத்தியமாகச் சொல்லி எழுதவைப்பார். இந்தக் கான்செர்ட்டோவை 1939இல் பாரிஸில் எழுதி முடித்தார். ரெஹினோ சாயின்ஸ் தே லா மாசா என்ற கிட்டார் கலைஞருக்காக எழுதியது; அவரே 1940 நவம்பர் 9 அன்று பார்சலோனாவில் முதன்முதலாக வாசித்தார். 1947இல் மத்ரித்தில் நார்சிசோ யேபெஸ் வாசித்த பிறகு அது உலகம் சுற்றத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கிட்டார் மேதை செகோவியா இதை மேடையில் தொடவே இல்லை என்பது தனி வம்பு.

ஒரு கிட்டாரை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னால் உட்காரவைப்பது ஆபத்தான காரியம். இரண்டு டிரம்பெட் சேர்ந்து ஒரு மூச்சு விட்டால் கிட்டார் காணாமல் போகும். ரொட்ரிகோ கண்ட வழி, இருவரையும் மோதவிடாமல் பேசவிடுவது. கிட்டார் பேசும்போது பின்னால் ஒன்றிரண்டு வாத்தியங்களே இருக்கும். கூட்டம் முழுவதும் எழும்போது கிட்டார் ஒதுங்கிவிடும். அடுத்த முறை அரங்கில் கேட்கும்போது இதைக் கவனியுங்கள். மைக் இல்லாத அரங்கு என்றால் முன் வரிசைகளில் நடுப்பக்கமாக டிக்கெட் எடுங்கள்.

நிலையத்திலிருந்து அரண்மனை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், நடந்தே போகலாம். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும், தோட்டங்கள் திறந்திருக்கும். நம் வேலைக்குத் தோட்டமே போதும். ஏப்ரல், மே மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள். ஜூலை மதியத்தில் அங்கே பறவைகள்கூட வாய் திறப்பதில்லை. வசந்தத்தில் வார இறுதிகளில் ஓடும் பழைய 'ஸ்ட்ராபெரி ரயில்' குழந்தைகளுக்கு நல்லது. காது கொடுத்துக் கேட்க வந்தவர்களுக்குச் சாதாரண ரயிலே மேல்.

அரண்மனையின் கிழக்குப் பக்கம் பார்தெர்ரே தோட்டம். அங்கிருந்து தீவுத் தோட்டத்துக்குப் போகும் வழியில், தாஹோ ஆற்றிலிருந்து பிரிந்த கால்வாயில் ஒரு சின்ன அணைக்கட்டு. பெயர் 'காஸ்தான்யுவெலாஸ்': ஃபிளமெங்கோ ஆடுபவர்கள் விரலில் கட்டித் தட்டும் அதே சிப்ளாக்கட்டைகள்! தண்ணீர் கல்லில் தட்டித் தட்டி விழுகிறது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிளேன் மரங்களுக்கு நடுவே தீவுக்குள் நடங்கள். இருநூறு அடி போவதற்குள் அந்த இரைச்சல் தணிந்து, அதன் இடத்தில் பறவைச் சத்தம் ஏறும். உள்ளே எர்க்குலிஸ், அப்பல்லோ, பாக்கஸ் என்று நீரூற்றுகள் உண்டு. எல்லாம் எல்லா நேரமும் ஓடாது. இந்த இசையில் தேடியது என்ன என்று ரொட்ரிகோவே சொன்னவை மூன்று: மக்னோலியாவின் மணம், பறவைகளின் பாட்டு, நீரூற்றுகளின் பொங்கல். மூன்றுக்கும் கண் தேவையில்லை. ஹெட்ஃபோன் வேண்டாம் என்றது இதனால்தான்.

அடாஜியோவைப் பற்றி ஒரு திருத்தம். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குவெர்னிகா ஊர்மீது நடந்த குண்டுவீச்சுக்கான புலம்பல் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ரொட்ரிகோவின் மனைவி விக்டோரியா காம்ஹி தன் நினைவுக் குறிப்புகளில் சொன்னது வேறு: தேனிலவில் இந்தத் தோட்டங்களில் நடந்த நாட்களும், பிறகு கருவிலேயே இழந்த முதல் குழந்தையும். கிட்டார் பி மைனரில் மெதுவாக மீட்டிக்கொண்டிருக்க, இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஊதுகுழல் பாட ஆரம்பிக்கும். ஊதுபவரால் மூச்சு உள்ளவரை ஒரு ஸ்வரத்தை நிறுத்தி வைக்க முடியும். கிட்டாரின் ஸ்வரமோ தட்டிய நொடியே தேயத் தொடங்கும். நாகஸ்வரத்துக்குப் பதில் சொல்ல வந்த வீணையின் நிலைமை அது. அதனால் கிட்டார் அதே மெட்டைத் திருப்பிச் சொல்லும்போது தேய்கிற இடத்தையெல்லாம் பிருகாக்களால் நிரப்புகிறது. பெரிய வியாழன், பெரிய வெள்ளி ஊர்வலங்களில் பாடும் 'சயேட்டா'வின் சாயல் இதில் தெரிகிறது என்பார்கள்.

1991இல் ஸ்பெயின் அரசர் ரொட்ரிகோவுக்கு 'அரான்ஹுவேத் தோட்டங்களின் மார்க்விஸ்' என்று பட்டம் கொடுத்தார். 1999 ஜூலையில் மத்ரித்தில் இறந்தார். கல்லறை இந்த ஊர் இடுகாட்டில்தான், விக்டோரியாவின் பக்கத்தில்.

திரும்பும் ரயிலுக்கு பாக்கோ தே லூசியாவின் 1991ஆம் ஆண்டுப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வரத்தாள் படித்துப் பழகாத ஃபிளமெங்கோக்காரர், முழுவதையும் மனப்பாடமாக்கி, ரொட்ரிகோவை எதிரில் உட்காரவைத்து வாசித்தது. சில இடங்களில் ஒலி கரடாக இருக்கும், கிளாசிக்கல் காதுகள் முகம் சுளிக்கும். ஆனால் அந்தத் தகிட தகிட வேறு யாரிடமும் இவ்வளவு நேராக நிற்பதில்லை. அடாஜியோ முடியும் இடத்தில் ஒலியைக் கூட்டிவையுங்கள்: கிட்டார் பி மேஜரில் மெல்லிய ஹார்மானிக்ஸாக (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) மேலே ஏறி மறையும், ரயில் சத்தத்தில் தவறிவிடும். அடுத்த பகுதியைக் கிட்டார் அதே பி மேஜரில்தான் தொடங்கும். ஆர்க்கெஸ்ட்ரா, கான்செர்ட்டோவின் சொந்தச் சுருதியான டி மேஜரில் பதில் சொல்லி அதை ஊருக்கு இழுத்துக்கொண்டு வரும்.